சத்தந்தான் வேண்டாம்

...கடைக்காரன் இடப்பக்கம்தானே சொன்னான், இடப்பக்கம்தானே திருப்புகிறோம், பின் ஏன் அசைய மாட்டேன் என்கிறது? சைக்கிளின் பின் சக்கரம் மேஜையில் முடுக்கிய இரும்பு வைஸின் மேல் மல்லாந்து கிடந்தது, வைஸ் கவ்வியிருந்த இரட்டைப் பல் சாவி கீழிருந்து செயின் மாட்டுகிற பல்சக்கரமான ப்ரீவீலின் இரண்டு பள்ளத்திலும் ஏறி உட்கார்ந்திருந்தது, ரங்கன் டயரை இரண்டு கையாலும் பற்றி மறுபடி தள்ளினான். ம்ஹூம். உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம். ஒரு பிடி இரும்பு, அதற்கு என்ன பிடிவாதம்... செலுவண்ணாவுக்கு இருந்த மாதிரியே. சே, எதற்கு இப்போது அண்ணா? கழற்று, வேறொன்றைப் போடு, வீட்டுக்குப் போ. மகாராஜா பிறந்தநாள் வர்தந்தி என்று கோர்ட்டுக் கச்சேரிக்கு இன்றைக்கு லீவு, வக்கீல் தேடமாட்டார், சந்தேபேட்டை முழுக்கத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் இங்கே செத்துப்போனவனின் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு...

"ஏன் ஸ்வாமி, இன்னும் வரல்லியா?" கடைக்காரன் பசவராஜ் கவிழ்த்துப் போட்ட டின்மேல் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தான். அவன்தான் முதலில் முயன்றான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "புளியோதரைக் கை அது. ரெண்டு உருண்டை ராகி முத்தே உள்ளே போயிருந்தா இந்நேரம் கழண்டிருக்கும்."

"நீ முத்தே தின்றவன்தானே, உனக்கு வந்துடுத்தா?"

"எனக்கு வயசாச்சு ஸ்வாமி. இதுக்கு ஆகல்லே." ஒரு தொலியை ஊதித் தள்ளினான். "இது மிதிக்க மிதிக்க இறுகற ஜாதி. ஓட்டறவன் காலே இறுக்கிப்போடும். உங்க அண்ணா லேசுப்பட்ட ஆளா? கரெண்டு மீட்டர் பார்க்க ஊரெல்லாம் மிதிச்சாரே, அவர் இறுக்கினதை நீங்க சுலபமா எடுத்துடுவீங்களா?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், ஆனால் ரங்கனின் கை டயரிலிருந்து தானாக விலகியது. அண்ணாவின் கால்... இதற்குள்ளேயா? கெண்டைச் சதை உருண்டு திரண்டு, வேட்டியைத் தார்பாய்ச்சிக்கொண்டு மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும் அந்தக் கால், கடைசியில் ஜுரத்தில் வற்றிப் போர்வைக்கடியில் இரண்டு குச்சியாகக் கிடந்ததே, ரங்கனே பிடித்துத் திருப்பிப் படுக்கவைத்தானே, சாம்பலாக்கிப் பஸ்சிமவாகினி ஆற்றுத் தண்ணீரில் கரைத்துவிட்டும் வந்தோமே... அந்தப் பலம் மட்டும் இங்கே மரைக்குள் அப்படியே இருக்கிறதா? கரைக்காமல் விட்டது இதுதானா? நான் இந்தப் பக்கம் தள்ளுகிறேன், அவன் அந்தப் பக்கம் தள்ளுகிறானா?

காலையில் கிணற்றடியில் மன்னி கேட்டாள். அண்ணாவின் பெண்டாட்டி பத்மாஸினி, ரங்கன் ஹைஸ்கூலில் படிக்கும்போது மேல்கோட்டையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல், "ரங்கா, அந்த வண்டியிலே ஒரு சத்தம் வரதே, அது போகாதா?" எந்த சத்தம் மன்னி என்றான். "நோக்குத் தெரியும்." எண்ணெய் விட்டேனே என்றான். "விட்டே. ரெண்டு நாள் அமுங்கித்து. அப்புறம் முன்னைக்கு ஜாஸ்தியாயிடுத்து." வண்டியையே வித்துடட்டுமா என்றதற்குக் குடம் சற்றுச் சரிந்து தண்ணீர் கொட்டியது. "வண்டி நோக்கு வேணும்டா. சத்தந்தான் வேண்டாம்." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

தெரியும், தெரியாமல் என்ன... தெருமுனையிலிருந்து வீடு வரை இறக்கம், மிதிப்பதை நிறுத்திவிட்டால் வண்டி தானாக உருண்டு வரும், ப்ரீவீல் பேச ஆரம்பிக்கும், டிக் டிக், கொஞ்சம் நொண்டி, டிக் டிக், கொஞ்சம் நொண்டி, மைசூரில் வேறெந்த சைக்கிளுக்கும் அந்த நொண்டல் கிடையாது. அண்ணா வாசலுக்கு வருமுன் கதவு திறக்கும். மணியடிக்கவே மாட்டான். கச்சேரியிலிருந்து நடந்து வந்த காலத்தில் ரங்கன் எப்போது வந்தான் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, அம்மாவுக்குக் காது மந்தம், மன்னிக்கு அடுப்படி வேலை. அண்ணா போனபின் வண்டி இவனுக்கு வந்தது. முதல்நாள் சாயங்காலம் அதே இறக்கம், அதே டிக் டிக்... கதவு திறந்தது! படீரென்று. மூச்சிரைக்க மன்னி நின்றாள், கையெல்லாம் மாவு. அந்த ஒரு கணம் அவள் முகத்தில் இருந்ததை ரங்கன் இதுவரை யார் முகத்திலும் பார்த்ததில்லை, அவனுக்காக என்று பார்த்ததே இல்லை. அடுத்த கணம் அது இல்லை. ஆனால் மறுநாளும் திறந்தது. அதற்கு மறுநாளும்.

அண்ணா இறுக்கியது என்கிறானே பசவராஜ், முழுதும் அண்ணாவா? மேட்டில் எழுந்து நின்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தது யார், முனை திரும்பும்போது வேகம் இருந்தால்தான் சத்தம் வீட்டுவரைக்கும் நீளும் என்று கணக்குப் போட்டது யார்? மழைநாளில், முழங்கால் வலித்த நாளில்கூட? தினமும் இதை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முடுக்கியது அண்ணாவின் காலில்லையே...

"வராதுன்னு உங்க மன்னியம்மாகிட்டே சொல்லிடுங்க ஸ்வாமி," பசவராஜ் எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். "பேடா, வேண்டாம். இப்படியே மாட்டித் தரேன். ஓடறவரைக்கும் ஓடட்டுமே?"

மாட்டித் தரட்டுமே. வரவில்லை மன்னி, எவ்வளவோ பார்த்தோம், பசவராஜுக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது... பொய்யும் இல்லையே. சாயங்காலம் முனை திரும்பினால் டிக் டிக், கதவு... ரங்கன் தன் கைகளைப் பார்த்தான். முழங்கை மடிந்திருந்தது. காலையிலிருந்து மடித்துவைத்துக்கொண்டா தள்ளினேன்? இந்தக் கையால் கூஜா மூடியைக்கூடத் திருகமுடியாதே! யாரை ஏமாற்ற? அந்த இரண்டாவது கணம் ஞாபகம் வந்தது, முகம் அணைந்துபோகிற கணம், முதலாவதற்காகவே தினமும் காத்திருந்தவன் இரண்டாவதைப் பார்க்காமல் வண்டியை நிறுத்துகிற சாக்கில் குனிந்துகொள்வானே... தினமும் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, தினமும் அவள் கண்ணெதிரிலேயே...

முழங்கையை நீட்டினான். டயரில் நெஞ்சைச் சாய்த்து, காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் இடப்பக்கம் கொடுத்தான். டக்! எலும்பு ஒடிந்த மாதிரி ஒரு சத்தம், சக்கரம் சுழன்று அவனையும் இழுத்துக்கொண்டு போனது. "ஆயித்து!" என்று கத்தினான் பசவராஜ். கழன்று வந்ததைக் கையில் வாங்கவே ரங்கனுக்குக் கூச்சமாக இருந்தது. சூடாக இருந்தது.

புதியது பேசவில்லை. தெருமுனையில் திரும்பி மிதிப்பதை நிறுத்தினான், வண்டி திருடன் மாதிரி இறங்கியது, டயர் மண்ணில் உரசுவதுகூடக் கேட்டது. கதவு மூடியிருந்தது. உள்ளே ஆட்டுக்கல் ஓடிக்கொண்டிருந்தது, மன்னி அம்மாவுக்குக் கேட்கும்படி உரக்க எதையோ சொல்லி... சிரித்தாளா? சிரிப்புத்தான். இந்த வேளையில் இவள் சிரிப்பாளா? தட்டலாமா, வேண்டாமா? தட்டினான்.

"யாரு?"

"நான்தான்."

"நான்னா?"

"ரங்கன், மன்னி."

"தாப்பாளே போடலியே ரங்கா. தள்ளு, தொறந்துக்கும்."

ஒரு விரலால் தள்ளினான். திறந்துகொண்டது. அப்படியானால் இத்தனை நாளும்...? தள்ளினால் திறக்கிற கதவைத் திறக்கவா மாவுக்கையோடு ஓடிவந்தாள்? படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான், உள்ளே கூப்பிட்டது இவனைத்தான், இவன் பெயரைச் சொல்லித்தான், ஆனாலும் அடுத்த காலை எடுத்துவைக்க வரவில்லை, ஆட்டுக்கல் ஒரு சுற்றுகூடத் தவறாமல் ஓடிக்கொண்டே இருந்தது.