தூக்கிவிட ஒரு கை

...பிரேக்கைப் போட்டேனா? போட்டேன், இரண்டு சக்கரத்துக்கும் போட்டேன், கிளிக் என்று கேட்டதே, காலால் ஒருமுறை தள்ளிக்கூடப் பார்த்தேன், அப்புறம் ஏன் அதையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன், இப்போது நினைக்க வேண்டியது இந்த மனிதரின் எடையை அல்லவா. தட்சிணாமூர்த்தி ஐயா, அண்ணாமலை நகரில் ஆபீஸ் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, எண்பது கிலோவுக்குக் குறையமாட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டேன். நல்ல பக்கம் இடது, அங்கேதான் சக்கர நாற்காலியைப் போட்டிருக்கிறேன், சரிதான். இனி எழுப்பி, திருப்பி, உட்கார வைக்க வேண்டும்... இதற்குத்தான் மூன்று மாதப் பயிற்சி, இதற்குத்தான் விடியற்காலையில் தேவனாம்பட்டினத்திலிருந்து இரண்டு பஸ் மாறி சிதம்பரம் வந்தது. "என்னம்மா, தூக்குவியா, இல்ல நான் திரும்பப் படுத்துக்கட்டுமா?" என்கிறார் ஐயா. உடம்பு விழுந்தாலும் குறும்பு போகவில்லை. பக்கத்தில் நிற்கும் எழிலரசி சிஸ்டர் சிரிக்கவில்லை, இந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் அவர், பேனாவும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இருப்பது ஒரே ஒரு உதவியாளர் வேலை. அதற்குப் பரீட்சை கொடுக்க வந்திருப்பது நானும், வெளியே காத்திருக்கும் சத்யப்பிரியாவும்.

தூக்கினேன். அரை அடி எழுந்தார், அவருடைய வலது கால் வழுக்கிக்கொண்டு போனது, நல்லவேளை, கட்டிலிலேயே உட்கார வைத்துவிட்டேன். சிஸ்டர் ஏதோ எழுதினார். போச்சா? கடலூரில் முதலில் வேலை கேட்டுப் போன இடத்தில், "மெதுவா பேசுங்கம்மா, இது என்ன மீன் மார்க்கெட்டா?" என்று கேட்டார்கள், மீன் மார்க்கெட்தான் அம்மா, பதினைந்து வருஷம் மஞ்சக்குப்பம் தெருக்களில் கூடை சுமந்து கூவின தொண்டை, ஒரே நாளில் புறா மாதிரி முனகச் சொன்னால் எப்படி? மைக் கட்டிய மீன் வண்டி தெருவுக்குள் வந்த பிறகு கூடைக்காரியை யார் கூப்பிட்டார்கள்? இரண்டாவது இடத்தில் வயசு நாற்பத்திரண்டா என்று உதட்டைப் பிதுக்கினார்கள். இது மூன்றாவது. இதுவும் இல்லையென்றால் இறால் கம்பெனியில் ஐஸில் விரல் மரத்துப்போக ஓடு உரிக்க வேண்டியதுதான். கயல்விழி வேறு, எங்கம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கப் போகுது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாளா அந்தப் பெண்? எங்கள் மகளிர் குழுத் தலைவி மாரியம்மாள்தான் பயிற்சிக்கு என் பேரைக் கொடுத்தாள். நான் விடுதியில் தங்கிப் படித்த மூன்று மாதமும் நாலு வீட்டுக்காரர்கள் முறை வைத்து என் மகளுக்குச் சோறு போட்டார்கள். காலில் கிடக்கும் இந்த வெள்ளை ஷூகூடக் குழு வாங்கிக்கொடுத்ததுதான். என் புருஷன் மணவாளன் செத்து நாலு வருஷம், ஒருத்தரிடம் ஒரு பிடி உப்புக் கேட்டதில்லை நான், இத்தனை பேர் செய்ததை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது, தோற்றுப்போய்த் திரும்பினால் அந்த நாலு வீட்டு வாசலை எப்படித் தாண்டுவேன்?

ஆள் கனமாக இருந்தால் இன்னொரு ஆளைக் கூப்பிடு என்றுதான் பயிற்சியில் வினோதினி மேடம் சொன்னார். சொன்னார் சரி, பரீட்சையில் யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டால், இவளால் முடியவில்லை என்றல்லவா எழுதுவார்கள்... ஆனால் மீன் கூடையை என்றைக்காவது நான் தனியாகத் தலைக்கு ஏற்றியிருக்கிறேனா? யாராலும் ஏற்ற முடியாது. ரோட்டில் போகிற யாராக இருந்தாலும் சரி, "கூடைய கொஞ்சம் தூக்கி உடு" என்றால் வந்து கை கொடுப்பார்கள், ஆபீஸ் போகிறவர், போலீஸ்காரர், யாரும் முடியாது என்று சொன்னதில்லை. என்னோடு கூடை சுமந்த பட்டம்மாளும் நானும் மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இல்லை, குழாயடியில் முடியைப் பிடித்துக்கொண்ட சண்டை, ஆனாலும் என் கூடை கீழே இருந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டே வந்து தூக்கிவிட்டுப் போவாள், நானும் அவளுக்கு அப்படித்தான், கூடைக்குப் பகை கிடையாது. ஐயாவின் நெற்றியில் வேர்த்திருந்தது. பயப்படுகிறார், சொல்லமாட்டேன் என்கிறார். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று தொண்டையைத் திறந்தேன். "சத்யா! ஓடியா, ஒரு கை குடு!" வராண்டா முழுக்க அதிர்ந்திருக்கும். சத்யா ஓடி வந்தாள், ஒன்றும் கேட்கவில்லை, ஐயாவின் வலது பக்கம் போய் நின்றாள், மூன்று மாதமும் பயிற்சியில் நாங்கள்தான் ஜோடி, ஒரு நாள் நான் நோயாளி, ஒரு நாள் அவள். ஒண்ணு, ரெண்டு, மூணு... பூப் போல நாற்காலியில் உட்கார்ந்தார். "அடேங்கப்பா, என்னா தொண்டைம்மா உனக்கு" என்றார். சிஸ்டர் நிறைய எழுதினார். ஐயாவைத் திரும்பக் கட்டிலுக்கு மாற்றச் சொன்னார், மாற்றினோம். "நீங்க வெளிய உக்காருங்க. அடுத்தது நீயாம்மா? நீ இரு" என்றார், அவ்வளவுதான்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கதவு இல்லை, பச்சைத் திரை மட்டும்தான். பையில் போன் உறுமிக்கொண்டே இருக்கிறது, மாரியம்மாளாகத்தான் இருக்கும், என்னவென்று சொல்ல? என்ன எழுதினார் அந்தச் சிஸ்டர், ஆளைக் கூப்பிடத் தெரிந்தவள் என்றா, கத்துகிறவள் என்றா? உள்ளே சத்யா பிரேக் போடுகிறாள், கிளிக், கிளிக், சரியாகச் செய்கிறாள். நாற்பத்தைந்து கிலோ இருப்பாளா அவள்? தனியாக முடியாது. கூப்பிட்டாள் என்றால் இரண்டு பேரும் சமம், சமம் என்றால் வேலை அவளுக்குத்தான், இருபத்து மூன்று வயசு, தேன் மாதிரிக் குரல், ஊரும் காட்டுமன்னார்கோயில், ஒரே டவுன் பஸ். கூப்பிடாமல் தனியாக இழுத்தால்... தடுமாறுவாள், சிஸ்டர் எழுதுவார், வேலை எனக்கு. அவளுக்கும் இது வேண்டும்தான், தெரியாதா எனக்கு, புருஷன் விட்டுப்போய் இரண்டு வயசுக் குழந்தையை அம்மாவிடம் போட்டுவிட்டு வந்திருக்கிறாள், இராத்திரி போனில் அந்தக் குழந்தைக்கு நான்கூட முத்தம் கொடுத்திருக்கிறேன். சீ, என்ன நினைப்பு இது. ஆனால் நினைக்கிறேனே, கூப்பிடாதேடி, கூப்பிடாதேடி என்று உள்ளே யாரோ வேண்டிக்கொள்கிறார்களே, அது நான்தானே, வேறு யார்? கட்டில் கிரீச்சிட்டது. ஐயா இருமினார். ஒரு பெருமூச்சு, சத்யாவுடையது, ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"அக்கா..."

எவ்வளவு மெல்லிசான குரல். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரியே, நோயாளி திடுக்கிடாத குரல். காதில் விழவில்லை என்று நான் சொன்னால் சிஸ்டர் நம்புவார், ஐயா நம்புவார், சத்யாகூட நம்புவாள், கத்திக் கத்திக் காதடைத்துப்போன மீன்காரிதானே என்று விட்டுவிடுவார்கள். பட்டம்மாள் இந்நேரம் வந்து நின்றிருப்பாள், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாவது வந்து நின்றிருப்பாள். நானும் எழுந்துவிட்டேன், திரையை விலக்கிவிட்டேன், இதோ ஐயாவின் வலது பக்கம் போய்விட்டேன்... அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால் என் வெள்ளை ஷூ இரண்டும் பெஞ்சுக்குக் கீழேயே இருக்கின்றன, நான் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறேன்.