நோரீன் பார்க்காத கத்தி

கெல்வின் வந்து கதவைத் தட்டியபோது நோரீன் மீன்-சிப்ஸ் கடை வேலை முடிந்து, தலையை அலசிவிட்டுத் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தாள். இங்கிலாந்தின் துறைமுக ஊரான க்ரிம்ஸ்பியில் மீன் பொரிக்கிறவள் தலையிலிருந்து அந்த எண்ணெய் நாற்றம் என்றைக்குப் போயிருக்கிறது, இன்றைக்குப் போக! பக்கத்து வீட்டுக்காரன்தானே என்று துண்டோடேயே போய்க் கதவைத் திறந்தாள். அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மேபலை என் கண்ணுல காட்டமாட்டாங்க போலிருக்கு ஆன்ட்டி," என்றான்.

கெல்வினை அவன் தவழ்ந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். அவன் அம்மா இறந்த பிறகு அதே வீட்டில்தான் லியானைக் கூட்டி வந்து குடித்தனம் நடத்தினான். மூன்று வருஷத்துக்கு முன்னால் லியான் நாலு வயது மேபலைத் தூக்கிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனவள், போனவள்தான். மகளை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க விட வேண்டும் என்று இப்போது குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தான்.

"குழந்தைநல அதிகாரி போன் பண்ணாங்க. நல்லாத்தான் பேசினாங்க. கடைசியில, 'போலீஸ் பதிவுல பழைய சம்பவம் ஒண்ணு இருக்கே, கத்தியோட நின்னீங்களாமே, குழந்தை வேற வீட்ல இருந்துச்சாமே'ன்னு கேட்டாங்க. கத்தியாம் ஆன்ட்டி! ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற கத்தியைக்கூட நான் அன்னிக்குத் தொடலை."

"உன்மேல கேஸே போடலையேடா. மறுநாளே விட்டுட்டாங்களே?"

"கேஸ் இல்ல, தண்டனை இல்ல. பதிவு மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கு. யாரோ போன் போட்டு, ஜன்னல் வழியா பார்த்தேன், கையில கத்தின்னு சொல்லியிருக்காங்க. எந்தப் பொறம்போக்குன்னு மட்டும் தெரிஞ்சுதுன்னா…"

அந்தப் புறம்போக்கு, தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு டீ போட உள்ளே போனாள்.

ஆமாம், அவளேதான். அன்று துறைமுகத்தில் வேலை போய், நன்றாகக் குடித்துவிட்டு வந்திருந்தான் கெல்வின். அவன் போட்ட கூச்சலில் நோரீன் வீட்டு அலமாரித் தட்டுகள் அதிர்ந்தன. லியான் மாடிக் குளியலறையில் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். கீழே சமையலறையில் நாற்காலி உடைகிற சத்தம். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். மாடிப்படியடியில், சுவரை ஒட்டி, மேபலின் குரல் கேட்டது. "நான் சமத்தா இருக்கேன் டாடி. நான் சமத்தா இருக்கேன்."

அதைக் கேட்ட பிறகு யாரால் சும்மா இருக்க முடியும்? போனை எடுத்தாள். சண்டை என்று சொன்னால் போலீஸ் சாவகாசமாக வரும், கத்தி என்று சொன்னால் பறந்து வரும். தெருவே அப்படித்தான் நம்பியது. உண்மையா பொய்யா என்று யார் கண்டார்கள்! கத்தி என்றாள். பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்றாள். பேரைக் கேட்டபோது வைத்துவிட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு கார்கள் வந்து நின்றன. சத்தம் கேட்டதும் குழந்தை மாடிக்கு ஓடியிருக்க வேண்டும். போலீஸ்காரர்கள் பார்த்தபோது போர்வைக்குள் கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்குகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கெல்வினை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள்.

கத்தி அகப்படவில்லை. ஆனால் அந்தச் சொல் லியான் காதில் விழுந்துவிட்டதே. அவனுடைய கூச்சலை அவள் எத்தனையோ வருஷம் பொறுத்திருந்தாள். கத்தி என்றதும் அவளுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. பொழுது விடிந்ததும் கிளம்பிவிட்டாள். அவள் பெட்டியைக் கார் வரைக்கும் தூக்கிக் கொடுத்ததும் இந்த மகராசி நோரீன்தான்.

"நீங்க ஒரு சாட்சி சொன்னா போதும் ஆன்ட்டி," என்றான் கெல்வின், டீயைக் குடிக்காமலே. "இத்தனை வருஷம் பக்கத்து வீடு. கத்தியெல்லாம் இல்லைன்னு சொல்லுங்க."

"சொல்றேன்டா, சொல்லாம என்ன," என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்று நாம் சொல்வோம். அவளுக்குச் சிப்ஸ் இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்! உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்தத் தெருவில் அவளால் குடியிருக்க முடியாது. பக்கத்து வீட்டைப் போலீஸில் மாட்டிவிட்டவளுக்கு அங்கே ஒருத்தரும் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்கள். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். 'நான் கத்தியைப் பார்க்கவில்லை' என்பாள். அது நிஜம்தானே? போன் செய்தது யார் என்று யார் கேட்கப்போகிறார்கள்? பாம்பும் சாகாது, கம்பும் உடையாது, குழந்தை மட்டும் அப்பனிடம் வந்து போகும்.

நீதிமன்றம் டிவியில் காட்டுவது மாதிரி இல்லை. கம்பளம் விரித்த சின்ன அறை, நீள மேஜை, அழுகிறவர்களுக்கு ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. நீதிபதி அம்மாவுக்கு ஜலதோஷம் வேறு. ஒரு பக்கம் கெல்வின் வக்கீல் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் லியானும் அவள் வக்கீலும். நோரீன் சத்தியம் செய்துவிட்டு, கத்தியைப் பார்க்கவில்லை என்று சொன்னாள். கெல்வின் அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது.

வக்கீல் எழுந்தார். "நீங்க உங்க வீட்டுக்குள்ள இருந்தீங்க. போன் பண்ணினவங்க ஜன்னல் வழியா கண்ணால பார்த்ததா சொல்லியிருக்காங்க. அவங்கள விட்டுட்டு உங்கள ஏம்மா நம்பணும்?"

நோரீன் தண்ணீர் குடித்தாள். லியான் முகத்தைப் பார்த்தாள். தன் பேச்சை வேதவாக்காக நம்பி மூன்று வருஷம் பயந்து வாழ்ந்த முகம் அது. இவளுக்கும் எவ்வளவு பெரிய கேடு செய்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஏன்னா ரெண்டு பேரும் ஒரே ஆள்தாங்க. போன் பண்ணினது நான். கத்தி இல்ல. நான் பொய் சொன்னேன்."

"நீங்களா?" லியான் எழுந்தேவிட்டாள். "அடிப்பாவி! என் பெட்டியைத் தூக்கிக் குடுத்தீங்களே!"

நீதிபதி கையமர்த்தி அவளை உட்காரவைத்தார். கெல்வின் அசையவே இல்லை.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று நீதிபதி கேட்டார். "சாதாரணச் சண்டைக்கு யாரும் கத்தின்னு சொல்லமாட்டாங்களே?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. பயத்தில் சொன்னேன் என்று சொல்லி இறங்கியிருக்கலாம். மேபல் அன்று தூங்கிக்கொண்டிருந்தாள், ஒன்றுமே கேட்கவில்லை என்று கெல்வின் தன் மனுவில் எழுதியிருந்தான். அதை அவனே அவளிடம் சொல்லியிருந்தான். ஆனால் ஒரு பொய்யைக் கக்கிவிட்டு இன்னொன்றை விழுங்க முடியவில்லை.

"குழந்தை படியடியில நின்னுச்சுங்க. நான் சமத்தா இருக்கேன் டாடின்னு சொல்லிட்டே இருந்துச்சு. எனக்குச் சுவர் வழியா கேட்டுச்சு. யாராவது உடனே வந்தாத் தேவலைன்னு இருந்துச்சு."

லியான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கும் இது புதுசு. ஏதாவது கேட்க வேண்டுமா என்று நீதிபதி கெல்வினைக் கேட்டார்.

"எவ்வளவு நேரம் சொன்னா?" என்றான் நோரீனைப் பார்த்து.

"நீ கூச்சல் போட்ட நேரம் பூரா."

அவன் தலையாட்டினான். பிறகு நீதிபதியிடம், "அவ தூங்கினான்னு எழுதியிருக்கேன் மேடம். அதை அடிச்சுடுங்க," என்றான்.

கத்தி இல்லை என்று தீர்ப்பானது. அன்றைய கூச்சலைக் குழந்தை கேட்டது மட்டும் கணக்கில் நின்றது. மாதத்துக்கு இரண்டு தடவை, சந்திப்பு மையத்தில், வேறொருவர் கூட இருக்க, ஒரு மணி நேரம் மகளைப் பார்க்கலாம். கோபத்தை அடக்கும் வகுப்புக்கும் அவன் போக வேண்டும். மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார் நீதிபதி.

நோரீன் வெளியே நடையில் காத்திருந்தாள். அவளைத் தாண்டி லியான் திரும்பிப் பார்க்காமல் போனாள். கெல்வின் வந்தான். என்ன வசவு வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றாள்.

"மன்னிச்சுடுடா கண்ணு. கத்தின்னு சொல்லி உன் குடும்பத்தைக் கெடுத்துட்டேன்."

"அதை விடுங்க ஆன்ட்டி. போலீஸ் வரணும்னுதானே சொன்னீங்க. வரவேண்டியதுதான்." என்றான் அவன். "அவ படியில நின்னான்னு ஏன் எங்கிட்ட சொல்லலை? மூணு வருஷமா சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தீங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுட்டு நான் பாட்டுக்கு லியானைத் திட்டிட்டுத் திரிஞ்சேன். அன்னிக்கே சொல்லியிருந்தா ஓடிப்போய், சமத்தா இருக்க வேண்டியது நீ இல்லடி தங்கம், நான்தான்னு சொல்லியிருப்பேனே. நாலு வயசுலேர்ந்து ஏழு வயசு வரைக்கும் அவ அதை நெனச்சுட்டே இருந்திருப்பாளே ஆன்ட்டி."

தன் பேர் கெட்டுவிடுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் ஒரு காரணமும் கிடையாது. அதை அவனிடம் எப்படிச் சொல்வாள்?

கெல்வின் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தனியாகப் போனான்.