முன் சீட்

விமான மைதானத்தில் அவனை எல்லோரும் விசிறி என்றுதான் கூப்பிட்டார்கள். அவனுடைய அக்கா ஓட்டும் பழைய இரண்டு சீட் விமானத்துக்கு ஸ்டார்ட்டர் கிடையாது. மூக்கில் இருக்கும் காற்றாடியை யாராவது கையால் இழுத்துச் சுற்றிவிட்டால்தான் எஞ்சினுக்கு உயிர் வரும். வாங்கிய நாள் முதலாக அந்த வேலை அவனுடையது. சுற்றிவிட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை உருவிப் போட்டுவிட்டு, இறக்கையைச் சுற்றி ஓடிவந்து முன் சீட்டில் ஏறிக்கொள்வான். ஓட்டுகிறவர் பின் சீட்டில் உட்காரும் ரகம் அது. "விமானத்துக்கும் இவன்தான் விசிறி, அக்காவுக்கும் இவன்தான் விசிறி" என்று மெக்கானிக் கிண்டல் செய்வார். அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அக்கா குடிநீர் அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். சமைத்துப்போட்டு வளர்த்தது, படிப்பு ஏறவில்லை என்றதும் கார் சீட் தைக்கும் கடையில் சேர்த்துவிட்டது, பிறகு தனிக்கடை வைத்துக்கொடுத்தது, பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் அவள்தான். அந்தக் கல்யாணம் முறிந்து அவன் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, ஒரு வார்த்தை கேட்காமல் மாடி அறையைத் திறந்துவிட்டாள். அவளுடைய கல்யாணத்தைப் பற்றி யாரும் பேச்செடுத்ததில்லை. அவனும் எடுத்ததில்லை. நடுவயதில் அவள் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, சேர்த்துவைத்ததைப் போட்டு அதை வாங்கியபோது தெருவே வாயைப் பிளந்தது. "நாங்க ஒரு விமானம் வாங்கியிருக்கோம்" என்று அவன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த வருஷம் விமானத்தை முழுசாகப் பிரித்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது. எஞ்சினைப் பிரித்துப் பரப்பிய மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார்.

"கிராங்க் ஷாஃப்ட்ல, அதான் காற்றாடியைச் சுத்தற தண்டுல, விரிசல் விழுந்திருக்கு. இதே மாதிரி எஞ்சின் ஒண்ணு பக்கத்து மைதானத்துல சும்மாதான் கிடக்கு, நல்லா இருக்கு. சொன்னா எடுத்துட்டு வரேன். இல்லேன்னா பெரிய எஞ்சினா மாத்திடலாம். ஸ்டார்ட்டர், பேட்டரி எல்லாத்தோடயும் வரும். பொத்தானை அமுக்கினா ஓடும்."

அக்கா யோசித்த மாதிரியே தெரியவில்லை. "பெரிசே போட்டுடுங்க. இவன் தோள்பட்டை போயிடுச்சு. இன்னும் எத்தனை நாளைக்குச் சுத்துவான்?"

போன மழைக்காலத்தில் காற்றாடி எதிர்ப்பக்கமாக உதறி அவன் தோளைப் பதம் பார்த்திருந்தது. அதிலிருந்து தலை வாருவதற்கே அவனுக்குக் கை முழுசாக எழும்பாது. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் விசாரித்ததில்லை என்று மனதில் ஒரு குறை வைத்திருந்தான். அவள் அப்படிச் சொன்னதும் குறை கரைந்து கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றான்.

அதற்குப் பிறகு கடையை மத்தியானத்தோடு சாத்திவிட்டு மைதானத்துக்கு ஓடினான். விமானத்தின் பழைய துணித் தோலை உரித்தெடுத்தார்கள். புதுத் துணியை எலும்புக்கூட்டின் மேல் இழுத்துப் போர்த்தி, நீள ஊசியால் ஒவ்வொரு இறக்கை விலாவோடும் சேர்த்துத் தைத்தான். துணி விறைக்கப் பூசும் மருந்தின் நெடி சட்டையிலிருந்து போகவே இல்லை. "மாப்பிள்ளைக்குக்கூட இப்படி யாரும் சட்டை தைக்க மாட்டாங்க" என்றார் மெக்கானிக். அந்தப் பக்கம் அவர் புது எஞ்சினைத் தாங்குவதற்காக மூக்கின் இரும்புச் சட்டத்தை வெட்டிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பேட்டரியைத் தூக்கிவந்து உள்ளே வைத்தது அவன்தான். கனம் இடுப்பை ஒடித்தது. முன் சீட்டுக்குப் புது மெத்தை தைத்து, பின்னாலிருந்து அக்கா வரைபடத்தை எடுக்க வசதியாக முதுகில் ஒரு பை வைத்தான். அக்கா வந்து பார்ப்பாள், தடவிப் பார்ப்பாள், "நல்லா வந்திருக்கு" என்பாள்.

வேலை முடிந்ததும் எடை போட ஆய்வாளர் வந்தார். மைதானத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். மூன்று சக்கரத்துக்கும் அடியில் மூன்று எடைக்கருவிகளை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துக் கூட்டிக் கழித்தார். அக்கா அன்றைக்கு வரவில்லை.

"ஒருத்தர்தான்" என்றார்.

"என்ன ஒருத்தர்?"

"இனிமே ஒருத்தர்தான் பறக்கலாம். மொத்தமா எவ்வளவு தூக்கலாம்கறது பழைய கணக்குதான். உடம்பு அதே உடம்புதானே? எஞ்சின், பேட்டரின்னு ஏத்தின கனமெல்லாம் ஆள் கனத்துலேர்ந்துதான் கழியும்."

"பெட்ரோலைக் குறைச்சுப் போட்டா?"

"நீ ஏறி உட்கார்ந்தேன்னா டேங்க்கை நனைக்கிற அளவுக்குத்தான் போட முடியும். அதை வெச்சுக்கிட்டு எங்க போறது?"

"அப்போ பேட்டரியைக் கழட்டிட்டா?"

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்ப்பா, இதையெல்லாம் பிரிக்கும்போதே உங்க அக்காகிட்ட சொல்லிட்டேனே. பெரிய எஞ்சின் போட்டா ஒரு சீட் போயிடும்னு. பரவாயில்லைன்னு சொன்னாங்க. உனக்குத் தெரியாதா?"

மெக்கானிக் குனிந்து ஸ்பானரைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது அக்கா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"ம். தெரிஞ்சுதான்."

"என் தோளுக்காகன்னு சொன்னியே."

"அதுவும் உண்மைதான்."

"அதுவும்னா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "வாங்கின நாள்லேர்ந்து உன் பின்னந்தலையைப் பார்த்துக்கிட்டேதான்டா பறக்கறேன். உனக்கு நரை விழுந்ததைக்கூட ஆகாசத்துலதான் பார்த்தேன். எனக்கு முன்னாடி என்ன இருக்குன்னு நான் ஒரு நாளாவது பார்க்க வேண்டாமா?"

"வாயைத் திறந்து சொல்லியிருந்தா இறங்கியிருக்க மாட்டேனா? நீ மட்டும் போயிட்டு வான்னு அனுப்பியிருக்க மாட்டேனா?"

"அனுப்பியிருப்ப. நான் திரும்பி வர்ற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னிருப்ப. நீ நிக்கறேன்னு நான் சீக்கிரமா இறங்கியிருப்பேன்."

"அந்தத் துணி முழுசையும் தைச்சேனே. அப்போ உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"நீ ஆசையா தைச்சுக்கிட்டு இருந்த" என்றாள். பிறகு, பொய் சொல்ல மனமில்லாதவள் போல, "உன்னை மாதிரி வேற யாரும் தைக்க மாட்டாங்கன்னும் இருந்துச்சு" என்றாள்.

முதல் பறத்தலுக்குப் போகக் கூடாது என்றுதான் அவன் நினைத்திருந்தான். கால்கள் கொண்டுபோய்விட்டன. எடை குறையட்டும் என்று முன் சீட்டைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். மெக்கானிக் தயங்கவே, அவனே ஸ்பானரை வாங்கிக் கழற்றி வெளியே வைத்தான். அக்கா ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். இரண்டு தும்மல், அவ்வளவுதான், எஞ்சின் பிடித்துக்கொண்டது. பழக்கதோஷத்தில் அவன் இறக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவள் கையை வெளியே நீட்டி, விடு என்று ஜாடை காட்டினாள்.

ஓடுபாதையின் பாதிகூடத் தீரவில்லை, விமானம் தரையை விட்டுவிட்டது. அவனும் அவளுமாகப் போன நாட்களில் மைதானத்து வேலியை மூச்சுப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவார்கள். இப்போது வேலி அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. "என்னமா ஏறுது பாரு" என்ற மெக்கானிக், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதன் பிறகு அக்கா ஆளே மாறிப்போனாள். பறந்துவிட்டு வந்தால் முகம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சமைத்தாள். வழியில் பார்த்த பழமெல்லாம் அவனுக்கென்று வாங்கி வந்தாள். "தோள் எப்படி இருக்கு?" என்று வாய் நிறைய விசாரித்தாள். முன்னெல்லாம் கடமைக்குச் சோறு போடுகிறவள் போலச் சிடுசிடுத்துக்கொண்டிருந்தவள்தான். அவள் கோபமாக இருந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இந்த அன்பைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. உப்பு தூக்கல் என்று தட்டை நகர்த்தினான், கதவுகளை அறைந்து சாத்தினான். கடையில் யாராவது விமானத்தைப் பற்றிக் கேட்டால், வித்துட்டோம் என்று சொன்னான்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லக் கூடாததையும் சொன்னான். "நடு ஆகாசத்துல எஞ்சின் நின்னா தெரியும் உனக்கு."

அக்கா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். "நின்னா நிக்கட்டும். அப்பவும் நீ கூட இல்லைங்கற நிம்மதி இருக்கும்" என்றாள்.

அவன் பிழைத்துக்கொள்வான் என்ற நிம்மதியா, கடைசி நேரத்திலாவது அவன் தலை மறைக்காது என்ற நிம்மதியா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவள் இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்கிறவளாக ஆகியிருந்தாள். அந்தப் பயத்திலேயே அவன் கேட்கவில்லை.

அடுத்த மாதம் கடைக்கு மேலே இருந்த சின்ன அறையைச் சுத்தம் செய்துகொண்டு அங்கே போய்விடுவதாகச் சொன்னான். போகாதே என்பாள் என்று எதிர்பார்த்தான். "வெளிச்சம் வருமா அங்க?" என்று கேட்டாள். வரும் என்றான். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அவன் துணிமணிகளை மடித்துக் கொடுத்தாள். மாடிப்படியில் அவனுக்குத் தோள் வலிக்குமே என்று கனமான பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள். அவன் வெறுங்கையோடு அவள் பின்னாலேயே இறங்கி வந்தான்.