முழங்கை மேல் ஒரு கை

"கொடத்த இப்படிக் குடு" என்று ஆனந்தராஜ் இடது கையை நீட்டினான். அவன் மனைவி மாதேஸ்வரி மண்குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாங்க. சின்ன மாமா தூக்கட்டும்."

"பெத்த புள்ள நிக்கறப்ப நான் தூக்குனா ஊரு என்னம்மா சொல்லும்?" என்றார் ராமப்பன், செத்துப்போன கங்கப்பனின் தம்பி.

ஆனந்தராஜின் வலது கை சட்டைக்குள் இருந்தது. கம்பெனியில் பிரஸ் மிஷினில் சிக்கிப் புறங்கைத் தோல் உரிந்துபோனதால், ஓசூர் ஆஸ்பத்திரியில் அந்தக் கையை அடிவயிற்றுத் தோலோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். மூன்று வாரம் அசையாமல் ஒட்டிக் கிடந்தால் வயிற்றுத் தோல் கைக்கு வந்துவிடும். நடுவில் இழுபட்டால் கையே போய்விடலாம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தக் கவலையைக் கங்கப்பன் தன்னுடையதாக்கிக்கொண்டார். மகன் கண்ணசந்தால் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். நேற்று விடிந்ததும் மாதேஸ்வரி காப்பி கொண்டுபோனபோதும் பிடி அப்படியே இருந்தது. உயிர்தான் இல்லை.

"எங்கப்பனுக்கு நான்தான் தூக்கணும்" என்றான் ஆனந்தராஜ். அவள் குடத்தைக் கொடுத்தாள்.

பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள்.

"சின்ன மாமா, கொடத்தப் பின்னால போடறப்ப ஒடம்பு ஒதறும். கை இழுபட்டுச்சுன்னா..."

"எனக்குத் தெரியாதா? போம்மா, வூட்டக் கழுவு" என்று அதட்டிவிட்டு ராமப்பன் நடந்தார்.

வாசலைக் கழுவினாள். கழுவிய இடத்தையே மறுபடியும் கழுவினாள். ஏரிக்கரைச் சுடுகாட்டுப் பக்கம் பறை நின்றது. இப்போது குடத்தோடு சுற்றுவான். 'பேட்டராயசாமி, நீ பாத்துக்கோ.'

முதலில் திரும்பி வந்தவன், ஆனந்தராஜோடு வேலை செய்யும் குருமூர்த்தி.

"பயப்படாதீங்கக்கா. ஒங்க சின்ன மாமா பின்னாலருந்து இவன இறுக்கிக் கட்டிப்புடிச்சிக்கிட்டே மூணு சுத்தும் வந்தாரு. இதுல மாப்ள யாரு, பொண்ணு யாருன்னு பறையடிக்கறவங்களே சிரிச்சிட்டாங்க."

"பல்ல இளிக்காம அவனுக்குத் தண்ணி குடுடா" என்றபடி ராமப்பன் ஆனந்தராஜைக் கூட்டிக்கொண்டு பின்னால் வந்தார். ஆனந்தராஜின் முழங்கை வயிற்றோடு சேர்த்து அவருடைய துண்டால் கட்டியிருந்தது.

மாதேஸ்வரி துண்டை அவிழ்த்தாள். நர்சு சொல்லிக்கொடுத்தபடி, கட்டுக்கு வெளியே தெரிந்த தோலின் ஓரத்தை விரலால் அழுத்தினாள். வெளுத்தது. விரலை எடுத்துப் பார்த்தாள். மெல்லச் சிவந்தது; ரத்தம் ஓடுகிறது.

ஆனந்தராஜ் சாப்பிடாமலே கட்டிலில் சாய்ந்து தூங்கிப்போனான். பங்காளி வீட்டிலிருந்து சோறு வந்திறங்கியது. வந்தவர்களுக்கு இலை போட வேண்டும். போக மனமில்லாமல் அவள் கட்டிலருகிலேயே நின்றாள்.

ராமப்பன், அண்ணன் உட்கார்ந்திருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சோறு ஆறுது மாமா."

"ஆறட்டும்."

ஒரு கையால் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.