வாசலில் ஓடும், ரோட்டில் நிற்கும்

வாசலில் வைத்து முடுக்கினால் அந்தக் கார் மணிக்கணக்கில் உறுமும். ரோட்டில் இறக்கினால் இரண்டு மைலுக்குள் விக்கி, இருமி, நின்றுவிடும். இரண்டு நாளாகத் தம்பிராஜா அதன் வியாதியைத் தேடிக்கொண்டிருந்தார். பிடிபடவில்லை.

புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவன் ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கென்று வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, பத்து வயது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை அதை அப்படியே போட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கு ஓடினான். இப்போது அதில் ஏறுபவன் ஒரு ஜப்பானிய அதிகாரி. பண்டார் ஹிலிரில் தம்பிராஜா வேலை பார்த்த பட்டறையை மூடி வருஷம் ஒன்றாகிறது. மிச்சமிருந்த நாலு ஸ்பேனரோடு அவர் காஜா பெராங்கில் வீட்டோடு இருந்தார். காரை அங்கேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டான் அதிகாரி.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவேன். ஓடாவிட்டால் நீ சயாமுக்குப் போ, ரயில் பாதை போட" என்று அரைகுறை மலாயில் சொல்லிவிட்டுப் போனான். தம்பிராஜா வீட்டுச் சந்திலிருந்து சயாமுக்குப் போனவர்கள் மூன்று பேர். ஒருவரிடமிருந்தும் கடுதாசி வரவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை.

காருக்குக் காவலாக அதிகாரியின் டிரைவர் அப்பாசாமி கூடவே இருந்தான். முப்பது வயது. ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்துப் பிழைத்தவன், ஜப்பான்காரன் கொடுத்த பட்டையைக் கையில் கட்டிக்கொண்டதும் ஆளே மாறியிருந்தான். கால் மணிக்கொருதரம் டேங்க் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டு அளப்பான்.

"அண்ணே, அரை விரல் குறையுது."

"எஞ்சின் ஓடினா எண்ணெய் குறையாம பின்னே சுரக்குமா?"

"எனக்கென்ன தெரியும்? பாட்டில்ல பிடிச்சு அடுப்படியில வச்சிருந்தீங்கன்னா?" அவன் உதட்டை விலக்கிக் காட்டினான். முன்பல் ஒன்று இல்லை. "போன மாசம் ஒரு விரல் குறைஞ்சதுக்கு அந்த ஜப்பான் துவான் அறைஞ்சது. இன்னொண்ணு போச்சுன்னா கிழங்கைக்கூட கடிக்க முடியாது."

தம்பிராஜா மறுபடி எஞ்சின் பக்கம் குனிந்தார். பேசவும் தெம்பு வேண்டும். இரண்டு நாளாகக் கார்புரேட்டரை மூன்று முறை பிரித்தாகிவிட்டது. அந்தக் காலத்தில் பெட்ரோல் என்று வந்ததில் பாதி, ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெய். பிசின் கட்டியிருக்கும் என்று எண்ணித் துளை துளையாக ஊதினார். சுத்தமாக இருந்தது. பிளக்கைத் தேய்த்தார், பொறி நீலமாகப் பறந்தது. எண்ணெய்க் குழாயைக் கழற்றி ஊதினார், அடைப்பில்லை. எல்லாம் சரி, ஆனால் ரோட்டில் நின்றது. தள்ளிக்கொண்டு வீடு வந்தால், அப்பாசாமி மூடியைத் திறந்து அளந்து முடிப்பதற்குள் பழையபடி கிளம்பத் தயாராக இருந்தது.

"இது எஞ்சின் இல்ல, நடிப்பு. உங்க வீட்டை விட்டுப் போக மனசில்ல அதுக்கு" என்றான் அப்பாசாமி.

அவர் மனைவி சந்திரமதி வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை மூன்று தட்டில் கொண்டுவந்தாள். மூன்றிலும் ஒரே அளவு.

"இவனுக்கு எதுக்கு?" என்று தம்பிராஜா முணுமுணுத்தார். "நம்மள திருடன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கான்."

"சொல்லட்டுங்க. பசிக்காமயா இருக்கும்?"

அப்பாசாமி தலை நிமிராமல் தின்றான். உப்புக்கூட இல்லாத கிழங்கு. தட்டை அவனே குழாயடியில் கழுவி வைத்தான்.

பத்து மணிக்குக் கடைசியாக ஒருமுறை ரோட்டில் இறக்கினார்கள். புக்கிட் காதில் என்ற ஊருக்குப் போகும் வழியில் ஆளரவமற்ற இடத்தில், வழக்கம்போல விக்கிற்று, நின்றது. தம்பிராஜா ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். 'முருகா, முடியலப்பா' என்றது மனது. அதற்கு மேல் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

அப்பாசாமிக்கு அங்கேயும் சந்தேகம். "வீட்டுக்குப் போற வரைக்கும் பொறுக்க முடியாது, இங்கேயே அளக்கிறேன்" என்று பின்னால் போய் மூடியைத் திருகினான்.

எஞ்சின் சத்தமில்லாத அந்த ரோட்டில் அது தெளிவாகக் கேட்டது. உஸ்ஸென்று ஒரு நீண்ட மூச்சு. காற்று வெளியே வரவில்லை, டேங்க்தான் அதை உள்ளே இழுத்துக்கொண்டது.

தம்பிராஜா இறங்கி ஓடினார். "மூடியைக் குடு!"

எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போகவேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று உண்டு. அது இல்லையென்றால் டேங்க் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். வாசலில் ஏன் நிற்கவில்லை என்பதும் இப்போது புரிந்தது. இவன்தான் கால் மணிக்கொருதரம் திறந்து அளந்தானே! இவனுடைய சந்தேகமே இரண்டு நாளாக வியாதியை மறைத்து வைத்திருந்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டை இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு. நகத்தால் நெம்பினார். இழுபட்டு, நீண்டு, பிய்ந்து வந்தது. உறைந்த ரப்பர்ப் பால்.

அப்பாசாமியின் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தாண்ணே. அந்த ஓட்டை வழியா பெட்ரோல் ஆவியாப் போகுதுன்னு நெனச்சேன். அதான் குறையுதுன்னு... தோட்டத்துல எது ஒழுகினாலும் பால்தானே விடுவோம். ஒரு சொட்டு விட்டேன்." அவன் ரோட்டிலேயே குந்திவிட்டான். "வேணும்னு செஞ்சேன்னு சொல்லுவான். தலையே போயிரும்ணே."

தம்பிராஜா மூடியை ஊதினார். வாயில் ரப்பரும் எண்ணெயும் கசந்தன. மனதிலும் கசப்பு இருந்தது. இரண்டு நாள். திருடன் என்ற பேச்சு. அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சயாம் என்ற பயம் இந்த வீட்டுப் பக்கமே திரும்பாது. அவர் அதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தார். நினைத்தபடியே வண்டியைக் கிளப்பினார். அது நிற்காமல் வீடுவரை ஓடியது.

சரியாக மத்தியானம் அதிகாரி வந்தான். மூன்று மைல் தள்ளியிருந்த கோயில் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பினான். முகத்தில் திருப்தி. பிறகு மலாயில் கேட்டான், "என்ன கோளாறு?"

"மூடியில் காற்று ஓட்டை அடைத்திருந்தது, துவான்."

அதிகாரியின் கண் சுருங்கிற்று. "யார் தவறு?"

அப்பாசாமி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

"என் தவறு, துவான். முதல் நாளே மூடியைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை."

இத்தனை சின்ன ஓட்டைக்கா இரண்டு நாள் என்று கத்தி, அதிகாரி அறைந்தான். ஒன்று, மறுபடி ஒன்று. தம்பிராஜா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாசாமி ஓட்ட, கார் சந்து முனையைத் தாண்டிப் போயிற்று. சத்தம் எங்கேயும் விக்கவில்லை.

ரோட்டில் நடந்ததைக் கேட்டுக்கொண்டே சந்திரமதி ஈரத்துணியை அவர் கன்னத்தில் வைத்தாள்.

"அந்த அப்பாசாமி நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னானாங்க?"

"வண்டி ஓட்டுறவன் முன்னால பாக்கணும். திரும்பிப் பாத்தா எங்கயாச்சும் மோதிருவான்."

"பொய் சொன்னீங்களா அவனுக்காக?"

"இல்ல புள்ள. மூடியை முதல்ல பாக்காதது என் தப்புதானே. அந்த ஆளு கேட்டதுக்கு என் பங்கை மட்டும் சொன்னேன்." அவர் பாயை விரிக்கச் சொன்னார். "காதுல இன்னும் அந்த எஞ்சின் ஓடுது. கொஞ்ச நேரம் யாரு வந்தாலும் எழுப்பாத."