பொதுச் செருப்பு

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு தெருமுனையில் நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. பிறகு போடிமெட்டுப் பக்கம் கிளம்பிப் போய்விட்டது. அமுதவள்ளி வேலைக்குப் போகாமல் இன்றோடு மூன்று நாள். பழக்கதோஷத்தில் தூக்குவாளியில் சோற்றைப் போட்டு மூடியவள், அதை அடுப்படியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. வந்தால் தேவலை என்றிருந்தது.

பக்கத்து வீட்டு நிலா செத்து மூன்று நாள் ஆகிறது. இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி, சிலமலையிலிருந்து புருஷனோடு போடிக்குக் குடிவந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காக அன்றுதான் முதன்முதலாக மோட்டார் சுவிட்சைத் தொட்டவள் அப்படியே விழுந்தாள். ஆறு வீடுகள் வரிசையாக உள்ள அந்தக் காம்பவுண்டில் முதலில் ஓடிவந்து பார்த்தவள் அமுதவள்ளிதான்.

அதனால்தான் ஆறு வீட்டுக்கும் சொந்தக்காரரான மகாராஜன் விடிந்ததும் விடியாததுமாக அவள் வாசலில் வந்து நின்றார். ஏலக்காய் வியாபாரி. யாரையும் அதட்டிப் பேச மாட்டார். அன்பாகப் பேசியே காரியத்தை முடித்துக்கொள்ளும் மனிதர்.

“ஆத்தா, பத்து மணிக்குக் கரண்டு ஆபீசரு விசாரிக்க வர்றாங்க. ஈரக் கையோட தொட்டுச்சுன்னு ஒத்த வார்த்தை சொல்லிரு. போன உசுரு திரும்பியா வரப்போகுது? ஓம் மக பத்தாவது பரிச்சை எழுதணும். நடுவுல வீடு மாறுனா புள்ள படிப்பு என்னாகும், நீயே சொல்லு.”

“சரிண்ணே” என்றாள் அமுதவள்ளி. அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. இந்த வாடகைக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் வேறு வீடு கிடைக்காது என்பது மட்டும் தெரிந்தது.

பத்து மணிக்குச் சுஜாதா என்ற அந்த அதிகாரி வந்தார். மோட்டார் பெட்டி மாட்டியிருந்த சுவர் மழையில் ஊறிப் பாசி பிடித்துக் கிடந்தது. பெட்டியும் துருவேறி இற்றுப் போயிருந்தது. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு அமுதவள்ளியைக் கூப்பிட்டார்.

“அந்தப் பொண்ணு எப்படித் தொட்டுச்சுன்னு காட்டுங்கம்மா. ஃபியூஸைப் பிடுங்கியாச்சு, கரண்டு சுத்தமா இல்ல. பயப்படாதீங்க.”

அமுதவள்ளி சுவரோரம் போனாள். அங்கே கிடந்த நீல ரப்பர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள்.

“நில்லுங்க. கரண்டு இல்லன்னு சொன்னேனே, எதுக்குச் செருப்பு?”

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். எப்போது மாட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“தரை சகதியா இருக்குல்ல மேடம், அதான்” என்று மகாராஜன் முந்திக்கொண்டார்.

நிலா குடிவந்த அன்று அமுதவள்ளிதான் அவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். குப்பை வண்டி எப்போது வரும், எந்தக் கடையில் மாவு புளிக்காமல் இருக்கும், ஜீப்பில் எந்த ஓரம் உட்கார்ந்தால் தலை சுற்றாது என்பதுவரை சொன்னாள். செருப்பைச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றாத அளவுக்கு உடம்போடு ஊறிப் போயிருந்தது. யாரோ விட்டுப்போன செருப்பு என்று நினைத்து, நிலா வெறுங்காலோடு சுவிட்சைத் தொட்டிருப்பாள். இது தோன்றியதும், மூன்று நாளாக மரத்துக் கிடந்த நெஞ்சு முதல்முறையாக வலித்தது.

“இது யாரோட செருப்பும்மா?” என்று அதிகாரி மறுபடி கேட்டார்.

“யாரோடதும் இல்ல மேடம். பொதுச் செருப்பு. ஆறு வீட்டு ஆளுகளும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் மோட்டார் போடுவோம். இல்லன்னா ஷாக் அடிக்கும்.”

“எவ்வளவு நாளா?”

“மூணு வருசமா.”

“வீட்டுக்காரர்கிட்டச் சொல்லலையா?”

“சொன்னோம். வயரை மாத்திக் குடுங்கண்ணேன்னு கேட்டோம். மறுநாளே இந்தச் செருப்பை வாங்கிக் கொண்டாந்து குடுத்தாரு.”

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து மகாராஜனைப் பார்த்தார். மகாராஜன் அமுதவள்ளியைப் பார்த்தார்.

“ஆத்தா, யோசிச்சுப் பேசு. புள்ளைய நெனச்சுப் பாரு.” குரல் இப்போதும் அன்பாகத்தான் இருந்தது.

“எம் புள்ளையும் இந்தச் சுவிட்சைத்தான்ணே தொடுறா.”

அதிகாரி தாளை அவள் பக்கம் திருப்பினார். “இதுல கையெழுத்துப் போடுவீங்களா? நாளைக்குக் கோர்ட்டுலயும் வந்து சொல்ல வேண்டியிருக்கும்.”

அமுதவள்ளி பேனாவை வாங்கினாள். அவள் குரலில் கோபம் இல்லை, நடுக்கமும் இல்லை.

“போடுறேன் மேடம். வாடகை வாங்குறவரு வீட்டைப் பத்திரமா வச்சிருக்கணும். அவரு வைக்கலன்னா குடியிருக்கிறவங்க விடாமக் கேக்கணும். அப்பவும் அசையலன்னா உங்க ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கணும். நாங்க ஒருக்கா கேட்டுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு அவங்கவங்க சோலியப் பாக்கப் போயிட்டோம். செருப்பு குடுத்தது அவரு தப்பு. அதைப் போட்டுப் பழகுனது எங்க தப்பு. ரெண்டையும் எழுதிக்கங்க.”