மூன்று தட்டு, நிறுத்தி இரண்டு

ஃபெர்மினுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. விடிந்ததிலிருந்து படகில் நெத்திலிப் பெட்டி இறக்கிவிட்டு, குளிக்கக்கூட நேரமில்லாமல், பெரு நாட்டுத் துறைமுக ஊரான சிம்போத்தேயின் வானொலி நிலையத்துக்கு வந்திருந்தான். அறுபதை நெருங்கும் முதுகு. சாய்ந்தாலும் வலி, நிமிர்ந்தாலும் வலி.

பக்கத்தில் லிசாண்ட்ரோ. டாக்டர் வீட்டுப் பிள்ளை. சென்ட் அடித்துக்கொண்டு லிமாவிலிருந்து வந்திருந்தான். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ‘சங்குவாசா’ என்ற பங்க் இசைக்குழுவில் அவன் பாட்டு, ஃபெர்மின் டிரம். மீனிலிருந்து வடியும் ரத்தத் தண்ணீரின் பெயரைத்தான் குழுவுக்கு வைத்திருந்தார்கள். மொத்தமே ஒரு கேசட், இருநூறு பிரதி. அதை யாரோ வெளிநாட்டுக்காரன் இப்போது இசைத்தட்டாகப் போடப்போகிறான்.

“அந்தக் கேசட் பாட்டோட தாளம் எப்படிப் பிறந்துச்சு?” என்றாள் அறிவிப்பாளப் பெண்.

“ஒருநாள் கடற்கரையில தனியா நடந்தேன். அலைதான் சொல்லிக் குடுத்துச்சு” என்றான் லிசாண்ட்ரோ.

ஃபெர்மின் அவனைத் திரும்பிப் பார்த்தான். மீன்தூள் ஆலைகள் கக்கிய கொழுப்பு பாய் விரித்துக் கிடந்த கடலில் அலை ஏது?

தாளம் ஆலையுடையது. ஃபெர்மினும் அப்போது அங்கேதான் வேலை பார்த்தான். மீனைக் கொட்டிவைக்கும் குழியில் இறங்கி அள்ளுகிறவர்கள் மேலே ஏறியதும், கடைசி ஆள் மண்வாரியால் இரும்புத் தகட்டில் மூன்று தட்டு தட்டுவான். நிறுத்தி, இன்னும் இரண்டு. குழி காலி என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் சத்துர்னினோ, குழிக்கு அடியில் மீனைத் தள்ளும் இரும்புத் திருகை ஓட்டுவான்.

ஆலை இரைச்சலில் யாரும் திட்டமாட்டார்கள் என்று சுவருக்குப் பின்னால் சாக்குக் கொட்டகையில் குழு பழகியது. டிரம் வாங்க வக்கில்லாமல் ஃபெர்மின் தகரப் பீப்பாயை அடித்தான். ஒருநாள் கைக்குப் பழகிய அந்தத் தட்டுதான் வந்தது. பாட்டு பிடித்துக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் திருகு ஓடியது. கூட வேலை பார்த்த செனோபியோ இன்னும் குழிக்குள் இருந்தான். வலது கால் முழங்காலோடு போயிற்று.

தட்டுச் சத்தம் கேட்டதாகச் சத்துர்னினோ சத்தியம் செய்தான். ஒருத்தனும் தட்டவில்லை, குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான் என்றார்கள். அவன் வேலை போயிற்று. ஃபெர்மின் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் அதே தாளத்தைக் கேசட்டுக்கு அடித்தான்.

“மேசையில கொஞ்சம் தட்டிக் காட்டுங்களேன், அண்ணே” என்றாள் அந்தப் பெண் ஃபெர்மினிடம்.

“தட்டுடா மச்சான், என்ன வெக்கம்?” என்று லிசாண்ட்ரோ சிரித்தான்.

ஃபெர்மின் எழுந்து வெளியே போய்விட்டான்.

சந்தை மூலையில் செனோபியோ ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வலை தைத்துக்கொண்டிருந்தான்.

“என்னடா பெரிய பாட்டுக்காரா, பாதியில வந்துட்டே? நாத்தம் தாங்காம தொரத்திட்டாங்களா?” வலைக் கட்டையால் மரக்காலில் தட்டினான். மூன்று. நிறுத்தி, இரண்டு. “நம்ம குழித் தட்டுடா இது. அலையாம், அலை!”

“அன்னிக்கு இதைத் தட்டினது நான்தான், செனோ. கொட்டகையில, பீப்பாய் மேல.”

செனோபியோ ரேடியோவை அணைத்தான். கருவாட்டில் புழு நெளிவதைப் பார்த்தவன் போல் முகத்தைச் சுளித்தான்.

“சத்துர்னினோ ஆஸ்பத்திரிக்கு வந்தான்டா. தட்டுச் சத்தத்தை என் காதால கேட்டேன்னு அழுதான். அவன் மூஞ்சியில துப்பினேன். அவன் செத்தப்பவும் நான் போகலே.”

“உன் காலு...”

“என் காலை நீ எங்கேருந்து தருவே, நாயே? அவன் பொண்டாட்டி பின் தெருவுலதான் இருக்கா. குடிகாரன் பொண்டாட்டின்னு பேச்சு வாங்கியே கிழவியாயிட்டா. மொதல்ல அவகிட்டப் போய்ச் சொல்லு. அப்புறம் என் முன்னால வா.”

ஃபெர்மின் அந்தத் தெருமுனை வரை போனான். அவள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தன் சட்டை நாற்றம் அவனுக்கே அடித்தது. திரும்பி நடந்தான்.

உன் புருஷன் பொய் சொல்லவில்லை என்ற ஒரு வார்த்தை. அவளுக்கு அவன் தரவேண்டிய பாக்கி அதுதான். இன்னும் தரவில்லை.